பழியை ஏற்றவள்
ஆஸ்கர் வைல்டின் 1892ஆம் ஆண்டு நாடகத்தை 1930இன் இத்தாலியக் கடற்கரைக்குக் கொண்டுபோன நகைச்சுவைப் படம், ‘எ குட் உமன்’ (2004). அமால்ஃபியில் கோடையைக் கழிக்கும் பணக்காரர்களுக்கு வம்புப் பேச்சில்தான் பொழுது போகிறது. திருமதி எர்லின் வந்து இறங்கியதுமே அவள் நடத்தைக்குத் தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். அவளோடு சேர்த்துப் பேசப்படும் ராபர்ட்டைக் கேலியோடு விட்டுவிடுகிறார்கள். எனக்கு ஆத்திரம் வந்தது அங்கேதான். ராபர்ட்டின் இளம் மனைவி மெக், வேறொருவன் இடத்தில் விட்டுவந்த விசிறி பலர் கண்ணில் படும்போது, ‘நான்தான் எடுத்து வந்தேன்’ என்று பழியை ஏற்பவள் இதே எர்லின். மெக்கிடம், தான் அவள் தாய் என்பதைக்கூட எர்லின் வாய்விட்டுச் சொல்வதில்லை. நாடகத்தைப் படித்தவர்களும் எர்லினாக நடித்த ஹெலன் ஹன்ட்டுக்காக இதைப் பார்க்கலாம்.