மாடியில் குடியிருப்பவரும் பேசட்டும்

தாராவி மறுசீரமைப்பு ஒப்பந்தம் 2022 நவம்பர் ஏலத்தில் அதானி குழுமத்தின் கைக்குப் போனது. 2024 மார்ச்சில் வீடு வீடாகக் கணக்கெடுப்பு தொடங்கியது. 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் இருப்போருக்குத் தாராவிக்குள்ளேயே 350 சதுர அடி வீடு இலவசம் என்கிறார்கள். பின்னர் வந்தோருக்கும் மேல்தளத்தாருக்கும் இடம் தாராவிக்கு வெளியே. அதுவும் விலைக்கோ வாடகைக்கோதான். ஒரே ஏணியில் ஏறி இறங்கும் இரு குடும்பங்களை இவ்விதி இரு முகாம்களாகப் பிரிக்கிறது.

பெரிய பொதுக்கூட்டத்தில் இப்பிளவு கண்ணுக்குப் புலப்படாது. சந்து முனையில் பத்துப் பேர் கூடும் கூட்டத்தில்தான் புலப்படும். ஆவணம் வைத்திருப்பவர் உரக்கப் பேசுவார். மாடி வாடகைதாரர் கதவோரம் நின்று கேட்பார். நம் தோழர் அரைமணி நேரம் அறிக்கை வாசித்தால், அவர் பேசாமலே வேலைக்குப் போய்விடுவார்.

மொழியும் ஒரு சுவர். நெல்லைத் தமிழரும், கும்பர்வாடாவின் குஜராத்திக் குயவரும், மராத்தியரும், இந்தி பேசும் தையல் தொழிலாளரும் கூடுமிடத்தில், புரியாதவர் தலையசைப்பதைச் சம்மதமாகக் கொள்ளலாகாது. மொழிபெயர்க்கும் தோழர், நம்மைக் கண்டிக்கும் சொல்லையும் அதன் சூடு குறையாமல் எடுத்துரைக்க வேண்டும். இனிமையாக்கப்பட்ட மொழிபெயர்ப்பு கூட்டத்தை ஏமாற்றுகிறது.

ஆகவே கிளைத் தோழர்கள் கடைசியில் பேசுக, சுருக்கமாகப் பேசுக. மௌனமாக இருப்பவரிடம் அவர் அறிந்ததைக் கேட்டுத் தொடங்குக. மாற்றுக் கருத்தை மறுக்குமுன், சொன்னவரே 'ஆம், அதுதான்' என்று ஒப்பும்படி திருப்பிச் சொல்லுக. பெண்கள் வரக்கூடிய நேரத்தில் கூடுக. முடிவையும் பொறுப்பாளரையும் எழுதிவைத்து, அடுத்த கூட்டத்தை அதிலிருந்தே தொடங்குக.

கணக்கெடுப்பாளர் வாசலில் நிற்கையில் இதற்கெல்லாம் நேரமேது என்று கேட்கலாம். பாதிப்பேர் எடுத்த முடிவு, தகுதியுடையோர் பட்டியல் வெளியாகும் நாளில் உடைந்துபோகும். விவாதத்தில் சுதந்திரம், செயலில் ஒற்றுமை என்கிறோம். முன்னது இல்லாத இடத்தில் பின்னது வெறும் கட்டளை. அனைவருக்கும் தாராவியிலேயே வீடு என்ற கோரிக்கை, மாடியில் குடியிருப்பவரின் வாயிலிருந்தும் எழும்போதே வலிமை பெறும்.