ஒரே வயிற்றுக்கு எத்தனை படம்?

"என் கணவருக்குக் கல்லீரலுக்குப் போகும் நரம்பில் இரத்தம் உறைந்திருக்கிறதாம். முதலில் பசை தடவி ஒரு படம் எடுத்தார்கள். பிறகு ஊசி போட்டு ஒரு படம். ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டாயிற்று. இப்போது இன்னொரு படமாம். நோய் இன்னதென்று தெரிந்த பிறகும் படம் எதற்கு? இனி போகமாட்டேன், மாத்திரையும் வேண்டாம் என்கிறார்" என்று ஒரு சகோதரி எழுதியிருக்கிறார்.

நியாயமான கேள்விதான், அம்மா. ஆனால் அது நரம்பு அல்ல, இரத்தக் குழாய். குடலிலிருந்தும் மண்ணீரலிலிருந்தும் வரும் இரத்தத்தைக் கல்லீரலில் சேர்ப்பது. டாக்டர்கள் 'போர்ட்டல் வெயின்' என்பார்கள். கல்லீரலுக்குக் கிடைக்கும் இரத்தத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு இந்த வழியில்தான் வருகிறது. கல்லீரல் சுருங்கியவர்களுக்கு இதில் ஓட்டம் மந்தப்பட்டு இரத்தம் உறையலாம். கணைய அழற்சி, வயிற்றுக்குள் சீழ், இரத்தம் சுலபத்தில் உறையும் உடல்வாகு ஆகியவையும் காரணமாகலாம். சிலருக்கு வயிறு வலிக்கும். பலருக்கு ஒன்றுமே தெரியாது. வயிற்றைத் தொட்டுப் பார்த்தோ இரத்தத்தைச் சோதித்தோ உறுதிப்படுத்த முடியாத நோய் இது.

பசை தடவி எடுத்தது அல்ட்ராசவுண்ட். வெறும் ஒலி அலைதான், கதிர்வீச்சு கிடையாது. அதோடு டாப்ளரும் சேர்ந்தால் இரத்தம் ஓடுகிறதா, எந்தப் பக்கம் ஓடுகிறது என்பது திரையில் தெரியும். ஆஸ்திரிய அறிஞர் டாப்ளர் 1842-இல் நட்சத்திரங்களின் ஒளியைப் பற்றிச் சொன்ன விதிதான் இன்று நம் வயிற்றுக்குள் வேலை செய்கிறது! திரையில் சிவப்பைக் கண்டு பலர் பயப்படுகிறார்கள். வழக்கமாக, கருவியை நோக்கி வரும் ஓட்டத்துக்குக் கொடுக்கும் நிறம் அது, அவ்வளவே. இந்தச் சோதனைக்குப் பசியாறாமல் போகவேண்டும். குடலில் காற்று நிறைந்தால் ஒலி அதைத் தாண்டாது. ரொட்டி சானாய் சாப்பிட்டுவிட்டுப் போய் நின்றால் வேறொரு நாள் வரச் சொல்லிவிடுவார்கள்.

ஊசி போட்டு எடுத்தது சி.டி. ஸ்கேன். உறைவு எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது, குடல் கெட்டிருக்கிறதா என்பதை இது காட்டும். அடைப்பைச் சுற்றிச் சிறு குழாய்கள் பின்னிக் கிடந்தால், உறைவு பழையது என்று ஊகிக்கலாம். எல்லாவற்றிலும் பெரிய கேள்வி வேறு. குழாயில் இருப்பது வெறும் உறைந்த இரத்தமா, அல்லது கல்லீரல் புற்றுநோய் குழாய்க்குள் வளர்ந்துவிட்டதா? ஊசி மருந்து ஏறியதும் புற்றுநோய் வெளுத்துத் தெரியும். உறைந்த இரத்தம் கறுப்பாகவே கிடக்கும். இரண்டுக்கும் சிகிச்சை வேறு. மலேசியாவில் பிறக்கும் குழந்தைகளுக்கெல்லாம் ஹெப்பட்டைட்டிஸ் பி தடுப்பூசி போடும் திட்டம் 1989-இல்தான் வந்தது. அதற்கு முன் பிறந்து, அக்கிருமி உடலில் தங்கிவிட்டவர்களுக்குக் கல்லீரல் புற்றுநோய் வரும் வாய்ப்பு அதிகம். ஆகவே டாக்டர்கள் இந்தச் சந்தேகத்தைத் தீர்க்காமல் விடுவதில்லை.

இனி மூன்றாவது படம். புதிய உறைவுக்கு, இரத்தம் உறையாதிருக்கும் மருந்தைக் குறைந்தது ஆறு மாதமாவது கொடுப்பது வழக்கம். குழாய் திறந்துவிட்டதா, அப்படியே இருக்கிறதா, அடைப்பு நீண்டுவிட்டதா? மருந்தை நிறுத்துவதும் தொடர்வதும் இதைப் பொறுத்தது. அது பொல்லாத மருந்தும்கூட. உணவுக்குழாயில் இரத்தக் குழாய்கள் புடைத்திருந்தால் கசிவு பலமாகிவிடும். கல்லீரல் சுருங்கியவர்களுக்கு வாய்வழியே கேமரா விட்டுப் பார்ப்பது இதற்காகத்தான். மருந்துக்குத் திறக்காத சிலருக்கு, எக்ஸ்ரே திரையைப் பார்த்தபடியே கழுத்துக் குழாய் வழியாக உள்ளே போய், கல்லீரலுக்குள் வலைபோன்ற உலோகக் குழாய் வைத்து இரத்தத்துக்கு வழி செய்கிறார்கள்.

சி.டி. ஸ்கேனில் எக்ஸ்ரே உண்டு என்பது உண்மை. உங்கள் கணவருக்கு அந்தப் பயம் இருந்தால், இம்முறை டாப்ளர் போதுமா என்று டாக்டரிடம் தாராளமாகக் கேட்கலாம். போகும்போது பழைய படங்களையும் எடுத்துச் செல்லுங்கள். சிறுநீரகக் கோளாறு, முன்பு ஊசி மருந்து ஒத்துக்கொள்ளாமல் போனது, நீரிழிவுக்குச் சாப்பிடும் மெட்ஃபார்மின் ஆகியவற்றை முன்னாலேயே சொல்லிவிடுங்கள். டாக்டர் சொல்லாமல் மாத்திரையை நிறுத்த வேண்டாம். மலம் தார்போல் கறுத்தாலோ, இரத்த வாந்தி எடுத்தாலோ, வயிற்றுவலி திடீரென்று கடுமையானாலோ, குறித்துக் கொடுத்த தேதிக்குக் காத்திராமல் உடனே ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள்.