சாட்சியையே குற்றவாளியாக்கும் ‘ஸ்கேன்’

திருகோணமலை அனுராதபுரச் சந்திப் பக்கத்துச் சிறிய கராஜ் ஒன்றில் அண்மையில் ஒரு முற்பகலைக் கழித்தேன். ஹயர் ஓடும் ஒருவரின் பழைய கொரோலா கார் அங்கு நின்றது. சந்தியில் நிறுத்தினால் எஞ்சின் நடுங்கி நின்றுவிடும். மிதித்தால் ஒரு கணம் தயங்கித்தான் இழுக்கும். வேறோரிடத்தில் ஸ்கேன் பண்ணி, ஒட்சிசன் சென்சர் பழுது என்று மாற்றியிருக்கிறார்கள். மனைவியின் சங்கிலியை அடகு வைத்துக் காசு கொடுத்தாராம். கோளாறு போகவில்லை.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. வரியோடு சேர்த்துப் பார்த்தால் புது வாகனம் எங்கள் குடும்பங்களுக்கு எட்டாது. ஆகவே பழைய வாகனத்தைச் சரியாகத் திருத்துவது பிழைப்பின் கேள்வி.

ஸ்கேன் கருவி காட்டியது பி0171 என்ற குறியீடு. அதன் பொருள், எஞ்சினுக்குள் போகும் கலவையில் காற்று கூடுதல், பெற்றோல் குறைவு என்பதே. சென்சர் பழுது என்று அது சொல்லவில்லை. குழாய் வெடிப்பாலும், காற்றளவு சென்சரில் படிந்த தூசியாலும், பெற்றோல் பம்ப் பலவீனத்தாலும் அதே குறியீடு வரும். உண்மையைச் சொன்ன சாட்சியைத்தான் கழற்றி எறிந்திருக்கிறார்கள். சாட்சி சொன்னவரே குற்றவாளியாவது எங்களுக்குப் புதிதல்ல.

இந்தக் கராஜ்காரர் மல்டிமீற்றரை சென்சரின் சிக்னல் வயரில் தொடுத்தார். 0.1 வோல்ற். அப்படியென்றால் காற்று கூடுதல். பிறகு காற்றுக் குழாய்களின் அருகே கார்புரேற்றர் கிளீனரைக் கொஞ்சம் கொஞ்சமாக அடித்தார். ஓரிடத்தில் அடித்ததும் 0.8க்கு ஏறியது, எஞ்சின் நடுக்கமும் அடங்கியது. வெடித்த இறப்பர் குழாயொன்று அந்தத் திரவத்தை உள்ளே இழுத்திருக்கிறது. சென்சர் உயிரோடுதான் இருந்தது. (சூடான எஞ்சினில் அது தீப்பிடிக்கும், வீட்டில் செய்து பார்க்க வேண்டாம்.)

“எங்க பழகினீங்க அண்ணா?” என்று கேட்டேன். தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் என்றார். பொருளாதாரத் தடைக்குள் சில துளி பெற்றோலில் ஸ்டார்ட் செய்து மண்ணெண்ணெயில் கார் ஓட்டிய காலம் அது. “அப்ப காதால கேட்டுக் கண்டுபிடிச்சம் தம்பி. இப்ப மீற்றரையும் கேக்க வேணும்.”

சீனக்குடா எண்ணெய்க் குதங்களுக்கு 2022 ஜனவரியில் ஒப்பந்தம் எழுதப்பட்டது. அவ்வாண்டு நடுப்பகுதியில், அவற்றுக்குப் பக்கத்திலேயே நாங்கள் பெற்றோல் வரிசையில் நின்றோம். துறைமுகத்தைப் பற்றிய பேச்சு எப்போதும் குதங்களையும் வல்லரசுகளையும் சுற்றியே போகிறது. இங்குள்ள இளைஞருக்குத் தாய்மொழியில் சென்சர் சோதனையைக் கற்றுக்கொடுப்பதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஸ்கேன் கருவி மலிந்துவிட்டது. அது காட்டும் குறியீட்டை வாசிக்கும் அறிவு பெரும்பாலும் ஆங்கிலக் கையேடுகளுக்குள் கிடக்கிறது. தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் வழங்கும் பயிற்சி நிலையங்களில் இந்தச் சோதனைகள் தமிழில், கையில் மீற்றரோடு நடக்கவேண்டும். மாகாண அரசியல்வாதிகளிடம் கேட்கக்கூடிய, செலவு குறைந்த கோரிக்கை இது.

அதுவரை, கராஜில் மூன்று விடயங்களைக் கேளுங்கள். என்ன குறியீடு வந்தது? எந்தச் சோதனையால் இந்தப் பாகம்தான் பழுது என்று உறுதியானது? கழற்றிய பழைய பாகம் எங்கே?

அந்தக் கொரோலாவுக்குத் தேவைப்பட்டது விரல் நீள இறப்பர் குழாய் ஒன்று. சங்கிலி இன்னும் அடகில்தான் இருக்கிறது.