கலைக்கு ஒரு மணி நேரம்

சர்க்கார் பள்ளிகளில் 2022-இல் கலைத் திருவிழா தொடங்கப்பெற்றது பாராட்டத்தக்கதே. ஆயினும், போட்டியில் பரிசு பெறுவோர் சிலர். சங்கீதத்திலும் நாடகத்திலும் பயிற்சி பெற வேண்டியவரோ மாணாக்கர் யாவரும்.

1918-இல் மதுரையில் சங்கரதாஸ் சுவாமிகள் சிறுவர்களைக் கொண்டே நாடக சபை நிறுவினார். அதில் பயின்ற டி. கே. எஸ். சகோதரர்கள் தமிழ் மேடைக்குத் தூண்களாயினர். அக்காலத்தில் கலையை நாடிய சிறுவர் பள்ளியைத் துறக்க நேர்ந்தது. இன்று பள்ளியை நாடும் சிறுவர் கலையைத் துறப்பானேன்?

மேச்சேரி அடங்கிய சேலம் ஜில்லாவில் தெருக்கூத்து இன்னும் உயிரோடிருக்கிறது. கூத்து வாத்தியார்களைத் தக்க ஊதியத்துடன் உயர்நிலைப் பள்ளிகளுக்கு அழைக்க வேண்டும். வாரத்தில் ஒரு மணி நேரமேனும் பாட அட்டவணையில் அளிக்க வேண்டும். அந்த மணியையும் கணக்குப் பாடம் கவர்ந்துகொள்ளாதபடி காப்பது தலைமையாசிரியர் கடமை. கேட்டுப் பெறுவது பெற்றோர் கடமை.