அசைவில்லை என்பதால் நினைவில்லை என்று ஆகிவிடாது

மாண்புமிகு கேரள நலவாழ்வுத் துறை அமைச்சர் அவர்களுக்கு,

களியக்காவிளையிலிருந்து பாறசாலை, அமரவிளை வழியாக நெய்யாற்றின்கரை செல்லும் நெடுஞ்சாலையில் தலையில் பலத்த அடிபட்டவரைத் திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டு ஓடுகிறோம். உயிர் தப்பிய பிறகும் எந்தப் பதிலும் காட்டாமல் கிடப்பவருக்கு நினைவு திரும்புமா என்பதே வீட்டாரின் ஒரே கேள்வி. அதற்கு அவசரப்பட்டுப் பதில் சொல்லாதிருக்க அரசு ஒரு நடைமுறை வகுக்க வேண்டும் என்பதே என் கோரிக்கை.

கோமா என்றால் மூளை முழுவதும் அணைந்துவிட்டது என்று பொருளல்ல. விழிப்பைத் தூண்டும் மூளைத்தண்டும், நடுவிலிருக்கும் தாலமஸும், மேற்புறணியின் பகுதிகளும் இடைவிடாமல் தொடர்பில் இருந்தால்தான் நினைவு நிலைக்கும். மோதலில் தலை குலுங்கித் திருகும்போது இவற்றை இணைக்கும் நரம்பிழைகள் சிதைகின்றன. எவ்வளவு இணைப்பு மிஞ்சியது, எவ்வளவு மீண்டும் செயல்படுகிறது என்பதை ஒட்டியே மீட்சியும் அமைகிறது. சிலருக்குக் கேட்டுப் புரிந்துகொள்ளும் வழி பிழைத்திருக்கும், கையை அசைக்கும் வழி மட்டும் அறுந்திருக்கும். 2006-இல் நரம்பியல் ஆய்வாளர் ஏட்ரியன் ஓவன் குழுவினர், உணர்வற்றவர் என்று கருதப்பட்ட ஒரு பெண்ணிடம் டென்னிஸ் ஆடுவதாகக் கற்பனை செய்யச் சொன்னார்கள். அவர் மூளை, நலமாக இருப்பவர்களின் மூளையைப் போலவே இயங்கியதை ஸ்கேன் காட்டியது. 2024-இல் வெளியான பன்னாட்டு ஆய்வில், சொன்னதற்கு உடலால் பதில் காட்டாத 241 பேரில் 60 பேரின் மூளை கட்டளையைப் பின்பற்றியது தெரிந்தது. நால்வரில் ஒருவர்!

இத்தகைய ஸ்கேனுக்குத் தாலுகா ஆஸ்பத்திரி எங்கே போகும் என்று கேட்கலாம். ஸ்கேன் இல்லாமலே செய்யக்கூடியது நிறைய உண்டு. கோமா மீட்சி அளவுகோல் என்ற படுக்கையருகுச் சோதனை கேட்டல், பார்வை, அசைவு என ஆறு பிரிவுகளில் நோயாளியைப் பார்க்கிறது. முகத்துக்கு நேரே சிறு கண்ணாடியைப் பிடித்து மெல்ல நகர்த்துவார்கள். தன் முகத்தைக் கண்கள் தொடர்கின்றனவா என்று பார்ப்பதே சோதனை. 2009-இல் வெளியான ஆய்வொன்றில், உணர்வற்றவர் என்று மருத்துவக் குழு ஒருமித்து முடிவுசெய்த 44 பேரில் 18 பேரிடம் இந்த அளவுகோல் நினைவின் அறிகுறிகளைக் கண்டது. தேவைப்படுவது பயிற்சியும் பொறுமையும், நோயாளிக்குப் புரியும் மொழியும். கேரளத்தின் எல்லையோரத் தமிழர்களுக்கு மலையாளம் தெரியுமே என்பார்கள். நலமாக இருக்கையில் தெரியும். அடிபட்ட மூளையில் இரு மொழிகளும் ஒரே அளவில் திரும்பும் என்பதற்கு உறுதியில்லை. ஆகவே வீட்டில் பேசும் மொழியிலும் கட்டளை சொல்லிப் பார்ப்பதுதான் முறை.

இது வீண் நம்பிக்கை ஊட்டும் என்ற அச்சம் நியாயமானது. பலர் மீள்வதில்லை, அதை மறைக்கவும் கூடாது. ஆனால் சோதிக்காமல் கைவிரிப்பதும் உண்மை ஆகாது. அமெரிக்க நரம்பியல் அகாடமியின் 2018 வழிகாட்டுதல், அடிபட்ட முதல் 28 நாள்களில் எல்லோருக்கும் ஒரேபோல் நம்பிக்கையில்லை என்ற தொனியில் பேசக் கூடாது என்கிறது.

எனவே மூன்று காரியம் வேண்டுகிறேன். கோமாவிலோ அதன் பிறகு உணர்வற்ற நிலையிலோ கிடப்பவருக்கு அந்தப் படுக்கையருகுச் சோதனையை ஒருமுறையோடு நிறுத்தாமல் பலமுறை செய்வதைக் கட்டாயமாக்குங்கள். பாறசாலை, நெய்யாற்றின்கரை அரசு மருத்துவமனைச் செவிலியருக்கு அதில் பயிற்சி கொடுங்கள், தமிழ் வீட்டு நோயாளியிடம் தமிழிலும் சோதிக்கச் சொல்லுங்கள். வீடு திரும்பியவரை வலிதணிப்பு (பாலியேட்டிவ்) பராமரிப்புக் குழு தொடர்ந்து சோதித்துப் பதிவுசெய்யட்டும். 2008-லேயே பாலியேட்டிவ் பராமரிப்புக்குக் கொள்கை வகுத்து, வீடு தேடிச் செல்லும் செவிலியரை உருவாக்கிய மாநிலத்துக்கு இது எட்டாத காரியம் அல்ல.

இப்படிக்கு,
பாறசாலை எல்லையோரத் தமிழர் ஒருவர்