மேக்னம் மோகம்: பெரிய தோட்டா வாங்கினால் இலக்கு பக்கத்தில் வந்துவிடுமா?

அமெரிக்காவில் தூரச் சுடுதல் பழக ஆசைப்படுகிற ஒருவர் முதலில் கேட்கும் கேள்வி அநேகமாக இதுதான்: "ஆயிரம் கெஜம் சுடணும், எந்த மேக்னம் வாங்கலாம்?" ஆயிரம் கெஜம் என்றால் 914 மீட்டர். மேக்னம் தேவையா இல்லையா என்று யாரும் கேட்பதில்லை. எந்த மேக்னம் என்றுதான் கேட்கிறார்கள். கோளாறு அங்கேயே ஆரம்பித்துவிடுகிறது.

மேக்னம் என்ற லத்தீன் சொல்லுக்குப் 'பெரியது' என்று அர்த்தம். இரண்டு புட்டி கொள்ளும் பெரிய ஷாம்பெயின் புட்டிக்கு இருந்த பெயர், பித்தளைக் கூட்டில் வழக்கத்தைவிட அதிகம் வெடிமருந்து கொள்ளும் தோட்டாவுக்கும் ஒட்டிக்கொண்டது. அவ்வளவுதான் விஷயம். மருந்து அதிகம், அதனால் வேகம் அதிகம். குண்டு கனமாக இருந்தாலும் தள்ளிவிடும்.

கொஞ்சம் சரித்திரம். லண்டனைச் சேர்ந்த ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் கம்பெனி 1912-ல் .375 மேக்னத்தையும், 1925-ல் .300 மேக்னத்தையும் கொண்டுவந்தது. இரண்டும் பெரிய மிருகங்களை வேட்டையாடப் பிறந்தவை. 1935-ல் ஒஹையோ மாநிலத்தில் ஈரி ஏரிக்கரையில் உள்ள கேம்ப் பெரி மைதானத்தில், பென் கம்ஃபர்ட் என்பவர் இந்த .300-ஐ வைத்து ஆயிரம் கெஜ விம்பிள்டன் கோப்பையை ஜெயித்தார். அதற்குப் பிறகுதான் வேட்டைத் தோட்டாவுக்குப் போட்டி மைதானத்திலும் மவுசு வந்தது. 1944-ல் .300 வெதர்பி, 1962-ல் 7 மி.மீ. ரெமிங்டன், 1963-ல் .300 வின்செஸ்டர் என்று வரிசையாக வந்தன.

இவற்றின் அடிப்பாகத்தில் பெல்ட் கட்டியதுபோல ஒரு வளையம் இருக்கும். பழைய ஹாலண்ட் தோட்டாக்களின் தோள் ரொம்பச் சரிவானது. தோட்டா அறைக்குள் சரியான இடத்தில் நிற்க ஒரு பிடிமானம் வேண்டும் என்பதற்காக அந்த வளையம் வைத்தார்கள். பின்னால் வந்தவற்றுக்குத் தோள் நன்றாகவே இருந்தது, வளையம் தேவையில்லை. இருந்தாலும் விடவில்லை. வளையம் இருந்தால்தான் மேக்னம் என்று ஜனங்கள் நம்ப ஆரம்பித்துவிட்டார்கள்! ஆக, இந்தத் துறையில் மோகம் ஒன்றும் இன்று நேற்று வந்ததல்ல.

சரி, தூரத்தில் சுடும்போது என்னதான் பிரச்சினை? குண்டு கீழே விழுவதுதான் பெரிய பிரச்சினை என்று புதிதாக வருபவர்கள் நினைக்கிறார்கள். அது உண்மையில் சின்னப் பிரச்சினை. புவியீர்ப்பு தினமும் ஒரே மாதிரிதான் இழுக்கும். தூரமும் குண்டின் வேகமும் தெரிந்தால், எவ்வளவு விழும் என்று கணக்குப் போட்டு ஸ்கோப்பைத் திருகி வைத்துவிடலாம். காற்றை அப்படித் திருகி வைக்க முடியாது. சுடும் இடத்தில் ஒரு காற்று, நடுவழியில் பள்ளத்தில் ஒரு காற்று, இலக்கின் பக்கத்தில் இன்னொரு காற்று. தூரச் சுடுதலில் ஜெயிப்பதும் தோற்பதும் பெரும்பாலும் இங்கேதான்.

காற்றில் குண்டு குறைவாக ஒதுங்க வேண்டுமானால், அது நீளமாக, கனமாக, கூர்மையாக இருக்க வேண்டும், வேகமும் வேண்டும். மேக்னத்தின் நியாயமான லாபம் இதுதான். மேக்னம் அல்லாத 6.5 கிரீட்மூர் (2007-ல் வந்தது) 140 கிரெய்ன் குண்டை, அதாவது 9 கிராமை, நொடிக்குச் சுமார் 825 மீட்டர் வேகத்தில் அனுப்பும். மணிக்கு 16 கி.மீ. வேகத்தில் பக்கக் காற்று அடித்தால் ஆயிரம் கெஜத்தில் அது ஐந்தரை அடி போல ஒதுங்கும். 2018-ல் வந்த .300 பி.ஆர்.சி. மேக்னத்தில் 225 கிரெய்ன் குண்டைப் போட்டால் அந்த ஒதுக்கத்தில் ஓர் அடி, ஒன்றரை அடி குறையும். லாபம்தான். ஆனால் காற்றின் வேகத்தைத் தப்பாகக் கணித்தவருக்கு எந்தத் தோட்டாவும் கைகொடுக்காது.

இன்னொரு லாபமும் உண்டு. குண்டின் வேகம் ஒலியின் வேகத்தை நெருங்கும் அளவுக்குக் குறையும்போது பல குண்டுகள் தள்ளாட ஆரம்பிக்கும். சாதாரண .308-க்கு இது ஏறக்குறைய ஆயிரம் கெஜத்திலேயே வந்துவிடுகிறது. மேக்னம் அந்த எல்லையை இன்னும் சில நூறு கெஜம் தள்ளிப்போடும். ஆப்கன் மலைகளில் தூரம் அதிகம் என்றுதான் அமெரிக்க ராணுவம் தன் எம்24 ரைஃபிள்களை .300 வின்செஸ்டர் மேக்னத்துக்கு மாற்றி எக்ஸ்எம்2010 என்று பெயர் வைத்தது. அவர்களுக்கு அந்தத் தேவை இருந்தது.

இனி விலையைப் பார்க்கலாம். கிரீட்மூருக்குச் சுமார் 2.7 கிராம் மருந்து போதும். .300 வின்செஸ்டர் மேக்னம் நாலரை கிராமுக்கு மேல் கேட்கும். .338 லபுவா கிட்டத்தட்ட 6 கிராம் தின்னும். இவ்வளவு மருந்து எரிந்து ஒரு சின்னக் குழல் வழியாகப் போவதால், குழலின் ஆரம்பப் பகுதி சீக்கிரம் அரித்துப்போகும். கிரீட்மூர் குழல் 2,000 முதல் 3,000 குண்டு வரை துல்லியமாக இருக்கும் என்பது பொதுவான கணக்கு. .300 மேக்னத்தில் 1,500 தாண்டினாலே சந்தேகம்தான். மாதம் நூறு குண்டு பழகுகிறவருக்கு ஒன்றரை வருஷத்தில் புதுக்குழல் செலவு.

அடுத்தது தோளில் விழும் உதை. ஒரே எடையுள்ள ரைஃபிளில் .300 வின்செஸ்டரின் உதை கிரீட்மூரைப் போல இரண்டு மடங்கு இருக்கும். இருபது குண்டு சுடுவதற்குள் தோள் கெஞ்சும். அதன்பிறகு டிரிகரைத் தொடும்போதே கண் தானாக மூடிக்கொள்ளும், உடம்பு குறுகும். இந்தப் பழக்கம் ஒருமுறை ஒட்டிக்கொண்டால் விடுவிப்பது கஷ்டம். குழல் முனையில் 'பிரேக்' மாட்டினால் உதை குறையும். சத்தம் பக்கத்தில் படுத்திருப்பவரின் காதைப் பதம் பார்க்கும்.

போட்டி விதிகளையும் பார்க்காமல் வாங்குகிறார்கள். பால்மா போட்டி .308-க்கானது. எஃப்-டி.ஆர். பிரிவில் .308, .223 இரண்டுக்கு மட்டும் அனுமதி. பிரிசிஷன் ரைஃபிள் சீரிஸில் நொடிக்கு 3,200 அடி வேகத்தைத் தாண்டக்கூடாது. மேக்னத்தோடு போய் நிற்பவர் வேடிக்கை பார்த்துவிட்டுத் திரும்பலாம் :)

அப்படியானால் மேக்னமே வேண்டாமா? வேண்டும், ஆயிரம் கெஜத்துக்கு அப்பால் இரும்புத் தகட்டைத் தட்ட நினைப்பவருக்கு. 1,000 முதல் 1,500 கெஜம் வரை .300 வகையே போதும். அதில் எது? .300 வின்செஸ்டர் தோட்டா எந்தச் சின்ன ஊர்க் கடையிலும் கிடைக்கும். ஆனால் அதன் மொத்த நீளம் 3.34 அங்குலத்துக்குள் இருக்க வேண்டும் என்று 1963-லேயே வரையறுத்துவிட்டதால், இன்றைய நீளமான குண்டுகளைக் கூட்டுக்குள் ஆழமாக அழுத்த வேண்டியிருக்கிறது. மருந்துக்கான இடம் குறைகிறது. .300 பி.ஆர்.சி.க்கு 3.7 அங்குலம் வரை அனுமதி. வளையமும் கிடையாது. நீளமான குண்டுக்கு ஏற்ற வேகமான முறுக்கு குழலில் முதலிலிருந்தே உண்டு. புதிதாக வாங்குபவருக்கு பி.ஆர்.சி.தான் சரி, ஏற்கெனவே வின்செஸ்டர் வைத்திருப்பவர் மாற்றத் தேவையில்லை. 1,500 கெஜத்துக்கு மேல் போகிறவர் மட்டும் .338 லபுவாவை யோசிக்கலாம்.

கடைசியாக ஒரு விஷயம். இதுதான் முக்கியமானதும்கூட. மேக்னம் வாங்குகிறவர்களில் பலர் அதை மைதானத்துக்கு வாங்குவதில்லை. எல்க் மான் வேட்டைக்கு வாங்குகிறார்கள். "பவர் இருக்கு, எண்ணூறு கெஜத்திலிருந்தும் அடிக்கலாம்" என்பது வாதம். எண்ணூறு கெஜத்தைக் கடக்க .300 பி.ஆர்.சி. குண்டுக்கு ஏறத்தாழ ஒரு நொடி ஆகும். கிரீட்மூருக்கு அதைவிடப் பத்தில் ஒரு பங்கு நொடிதான் கூடுதல். அந்த ஒரு நொடியில் மான் ஓர் எட்டு எடுத்துவைத்தால், நெஞ்சில் பட வேண்டிய குண்டு வயிற்றில் படும். வயிற்றில் அடிபட்ட மான் உடனே சாகாது. காட்டுக்குள் ஓடி, மணிக்கணக்கில் துடித்து, யார் கையிலும் சிக்காமல் எங்கோ செத்துக் கிடக்கும். எத்தனை கிராம் மருந்து போட்டாலும் இதற்கு மருந்து இல்லை.

தகடு நகராது, தவறினால் வலிக்காது. அதனிடம் எவ்வளவு தூரத்திலிருந்து வேண்டுமானாலும் திறமையைக் காட்டலாம். உயிருள்ளதைச் சுடப் போகிறவர் பெரிய தோட்டாவுக்குக் கொடுக்கும் பணத்தை மிச்சம் பிடித்து, இன்னும் நானூறு கெஜம் நடந்து கிட்டே போவது நல்லது.