பங்கிலாபப் பிரபுக்களின் கணக்கு

அமெரிக்க முதலீட்டுச் செய்திகளைப் படிப்போர்க்கு அண்மைய ஆண்டுகளில் மே மாதந்தோறும் ஒரு மங்களச் செய்தி காத்திருக்கின்றது. இதயமுடுக்கி முதலாம் மருத்துவக் கருவிகளைச் செய்யும் மெட்ரோனிக் கம்பனி, பங்கிலாபத்தை மீண்டும் உயர்த்திவிட்டது என்பதே அது. 2024 இல் காலாண்டுக்கு 70 சதம். 2025 இல் 71 சதம். நாற்பத்தெட்டு ஆண்டாக இடையறாத ஏற்றமாம்! பங்குத் தரகர் கைகொட்டுகின்றனர்.

கைகொட்டுமுன் கணக்கைப் பார்த்தனரா? 2024 ஏப்ரலில் முடிந்த நிதியாண்டிலே பங்கொன்றுக்குக் கம்பனி ஈட்டிய நிகர இலாபம் 2 டொலர் 76 சதம். அவ்வாண்டிற் பங்கொன்றுக்கு வழங்கிய பங்கிலாபமோ? அதுவும் 2 டொலர் 76 சதமே! செலவு போக மிஞ்சிய நெல் முழுவதையும் வாரமாக அளந்துவிட்டுக் கொம்பறையை வெறுமையாக விடும் கமக்காரனை நம் ஊரில் என்னென்று அழைப்போம்?

"நிகர இலாபம் ஏட்டுக் கணக்கு, முன்னர் வாங்கிய கம்பனிகளுக்கான தேய்மானமும் அதிற் கழிந்துள்ளது, கையிற் சேர்ந்த காசு அதனினும் அதிகம்" என்பர் கணக்காளர். மெய்தான். கையில் நின்றது ஏறத்தாழ 520 கோடி டொலர். ஆனால் பங்கிலாபமும், தன் பங்குகளைத் தானே மீள வாங்கிய செலவும் சேர்ந்து விழுங்கியது 550 கோடிக்கு மேல்! பங்கிலாபம் மட்டும் 366 கோடி. ஆராய்ச்சிக்குக் கிடைத்தது 273 கோடி.

முதல் போட்டவனுக்குப் பலன் வேண்டும். பங்குதாரருள் ஓய்வூதியத்தை நம்பிய முதியோரும் உளர். அவர்களை நாம் பகைக்கவில்லை. ஆனால் இக்கம்பனி வளர்ந்த கதை யாது? 1949 இல் மினியாபொலிஸ் நகரிலே ஒரு கராஜில் தொடங்கியது. 1957 இல் நகரில் மின்சாரம் தடைப்பட்டது. சுவர் மின்னிணைப்பை நம்பிக் கிடந்த குழந்தைகளின் இதயங்களுக்காகச் சத்திரசிகிச்சை நிபுணர் லில்லஹை வேண்ட, ஏர்ள் பாக்கன் சில வாரங்களிலே மின்கலத்தால் இயங்கும் கருவியைச் செய்தளித்தார். எந்தப் பங்கிலாப அறிவிப்பு அவரை ஏவிற்று? 1960 இல் அவர் வகுத்த கொள்கையிலும் இலாபத்துக்கு இடமுண்டு. நியாயமான இலாபம் என்ற அளவோடு.

இன்றோ "பங்கிலாபப் பிரபுக்கள்" என்றொரு பட்டியல் வந்துவிட்டது. பெருங் கம்பனியொன்று 25 ஆண்டு விடாது உயர்த்தினாற்றான் அதிலே இடம். ஓராண்டு தவறினாற் பட்டம் பறிபோம். இந்தப் பட்டத்துக்காகவா நோயாளி கருவிக்கு விலை கொடுக்கிறான்? ஆராய்ச்சித் தொகை பங்கிலாபத்தை எட்டும்வரை ஒரு சதமேனும் உயர்த்தோம் என்று கம்பனியின் பணிப்பாளர் சபை அறிவிக்கட்டும். பட்டம் போனாற் போகட்டும்!